கல்யாணத்துக்குக் கேட்ட அட்வான்ஸ்

கேள்வி: வணக்கம் அம்மா. நான் அவிநாசிப் பக்கத்து ஊர்க்காரன். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது வங்காளதேசத்தில் காசிப்பூரில் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் உற்பத்தி மேலாளராக இருக்கிறேன். எனக்குக் கீழே வேலை செய்யும் லைன் சூப்பர்வைசர் ஒருவர், மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருப்பதாகச் சொல்லி, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும்படி அட்வான்ஸ் கேட்டிருக்கிறார். நல்ல மனிதர். பெண் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள், வயது 15. மாப்பிள்ளைக்கு 27, மலேசியாவில் வேலை. பெண்ணின் தாயும் எங்கள் ஆலையில்தான் தையல் ஆபரேட்டராக இருக்கிறார். ஊரில் இருக்கும் என் மனைவி, "நமக்கும் அந்த வயதில் மகள் இருக்கிறாள், உடனே போலீசுக்குச் சொல்லுங்கள்" என்கிறாள். என்னோடு அறையில் தங்கியிருக்கும் கரூர்க்கார நண்பர், "அது அவர்கள் நாடு, அவர்கள் மதம், அவர்கள் வழக்கம், பிழைக்க வந்த இடத்தில் நமக்கு எதற்கு ஊர் வம்பு" என்கிறார். வெளியிலிருந்து போன ஒருவன் இதில் தலையிடலாமா? தலையிடுவதானால் எப்படி? கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருக்கிறார்கள். தேதி மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்களை நீங்களே வெளியிலிருந்து போனவன் என்று சொல்லிக்கொள்கிறீர்கள். பாஸ்போர்ட்டைக் கொண்டு பார்த்தால் அது சரிதான். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு வரும் இரண்டு சம்பளமும் உங்கள் கையெழுத்தைத் தாண்டித்தான் போகின்றன. தாயும் தகப்பனும் இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்புவார்கள் என்பதை உங்கள் ஷிப்மென்ட் தேதிதான் முடிவு செய்கிறது. இப்போது கல்யாணச் செலவுக்கும் உங்களிடமே வந்து நிற்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு எதிலும் படாமல் ஒதுங்கி நிற்க உங்களுக்கு இடமில்லை. அட்வான்ஸ் கொடுத்தால் அந்தக் கல்யாணத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு, மறுத்தால் அதைத் தடுத்ததில் பங்கு உண்டு. ஆகவே தலையிடலாமா என்ற கேள்வியில் உங்களை நிறுத்திவைக்க நான் விரும்பவில்லை, தலையிடத்தான் வேண்டும். யார் வழியாக, எந்த வரிசையில் என்பதில்தான் உங்கள் மனைவியோடும் உங்கள் நண்பரோடும் எனக்குப் பேச்சு இருக்கிறது.

முதலில் நண்பர். அது அவர்கள் வழக்கம் என்கிறாரே, அந்த வழக்கத்தைத் தடுக்கும் சட்டமும் அவர்களுடையதுதான் என்பதை அவருக்குச் சொல்லுங்கள். ஹர்பிலாஸ் சாரதா கொண்டுவந்த குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 1929இல் நிறைவேறி 1930 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தபோது, பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வயது வைத்து, இந்து, முஸ்லிம், கிறித்தவர் என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் பொதுவாகவே வந்தது. பிரிவினைக்குப் பிறகும் அந்தச் சட்டம் இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம் மூன்றிலும் தொடர்ந்தது. நாம் அதை எடுத்துவிட்டு 2006இல் புதுச் சட்டம் இயற்றினோம்; வங்காளதேசம் 2017இல் இயற்றியது. இரண்டிலும் வயது ஒன்றுதான், பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. தனிச்சூழ்நிலைகளில் நீதிமன்றத்தின் அனுமதியோடு வயது குறைந்த திருமணத்துக்கு இடம் தரும் ஒரு பிரிவை அவர்கள் சேர்த்திருக்கிறார்கள் என்பது உண்மை. அதை முதலில் எதிர்த்தவர்கள் அந்நாட்டுப் பெண்கள் அமைப்பினர்தாம். எப்படியும், நீதிமன்றத்தின் வாசலை மிதிக்காமல் தகப்பனும், நிக்காவைப் பதிவு செய்யும் காஜியும் வீட்டில் உட்கார்ந்து முடித்துக்கொள்ளும் கல்யாணத்துக்கு அந்தப் பிரிவு உதவாது.

சட்டத்தை விடுங்கள். 2015இல் அந்நாட்டின் ஜாலகாட்டி மாவட்டத்தைச் சேர்ந்த ஷர்மின் அக்தர் என்ற பள்ளி மாணவி, தன்னைக் கட்டாயக் கல்யாணத்துக்குள் தள்ளிய சொந்தத் தாயின் மீதே பள்ளித் தோழியின் துணையோடு புகார் கொடுத்தார். அவருக்கு வயது 15, உங்கள் சூப்பர்வைசர் மகளின் வயதுதான். அவரும் அந்த வழக்கத்துக்குள் பிறந்தவர்தானே? ஈரோட்டிலும் இதைப் பார்த்திருக்கிறோம். சிறுமியாக மணமுடிக்கப்பட்டு விதவையான தம் சகோதரியின் மகளுக்குப் பெரியார் மறுமணம் செய்துவைத்தபோது, வரிந்துகட்டிக்கொண்டு எதிர்த்தவர்கள் சொந்தபந்தங்களே. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணின் திருமண வயது 16க்கு மேல் இருக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு வந்த சட்டம் 14க்கு மேல் போகத் துணியவில்லை. ஆக, ஒரு சமூகத்துக்குள் இருக்கும் குரல்களில் எது உரத்து ஒலிக்கிறதோ அதை மட்டும் அவர்கள் வழக்கம் என்று எடுத்துக்கொண்டால், மெல்லப் பேசுகிற பெண்பிள்ளைகளை நாமும் சேர்ந்தே கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறோம்.

அந்நாட்டைப் பார்த்து மூக்கின் மேல் விரல் வைக்கும் உயரத்தில் நாம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 20 முதல் 24 வயது வரை உள்ள பெண்களில் 18க்கு முன்பே மணமானவர்கள் வங்காளதேசத்தில் 100க்கு 51 பேர் என்று 2019 ஆய்வை வைத்து யூனிசெப் சொன்னது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி அந்தக் கணக்கு இந்தியாவில் 23.3, தமிழ்நாட்டில் 12.8. நம்மூரில் எட்டுப் பேரில் ஒருத்தி என்று அதற்குப் பொருள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பெற்றோர் சம்மதமும் நீதிமன்ற ஆணையும் இருந்தால் போதும், திருமணத்துக்குக் குறைந்தபட்ச வயது என்று சட்டத்தில் எதுவும் குறிக்கப்படவில்லை. டெலவேர், நியூ ஜெர்சி ஆகிய மாநிலங்கள் விதிவிலக்கில்லாமல் 18 என்று ஆக்கியதே 2018இல்தான். இதை ஏழை நாட்டு வியாதி, ஒரு மதத்தின் வியாதி என்று எண்ணுகிறவர்களிடம் இந்த விவரங்களைச் சொல்வது என் வழக்கம்.

இவ்வளவு சொன்னாலும், உங்கள் நண்பரின் தயக்கத்தில் ஒரு பாதி நியாயம் உண்டு. 1891இல் ஆங்கில அரசு, உடலுறவுக்குச் சம்மதம் சொல்லும் வயதை 10லிருந்து 12ஆக உயர்த்தச் சட்டம் கொண்டுவந்தபோது, கல்கத்தாவில் பூல்மணி தாசி என்ற சிறுமி கணவனால் இறந்துபோன கொடுமை நாட்டையே உலுக்கியிருந்தது. அப்படியிருந்தும், எங்கள் வீட்டு வழக்கத்தில் அந்நியன் கைவைப்பதா என்று திலகர் எதிர்த்தார். கூட்டம் அவர் பின்னால் போயிற்று. பிரச்சினை சிறுமியின் உயிரிலிருந்து நாட்டின் மானத்துக்கு நழுவிவிட்டது. உங்கள் விஷயத்திலும் அதுதான் நடக்கக்கூடும். 2024க்குப் பிறகு இரு நாடுகளுக்கும் இடையே இருக்கும் கசப்பில், இந்திய மேலாளர் ஒருவர் போலீசோடு கல்யாண வீட்டுக்கு வந்தார் என்ற செய்தி பரவினால், பெண்ணின் வயதைப் பற்றி அன்று மாலைக்குள் பேச்சே இருக்காது. உங்களைப் பற்றித்தான் இருக்கும்.

வெளியார் நம் வீட்டுக்குள் எட்டிப்பார்த்தால் எப்படி இருக்கும் என்பது கொங்கு நாட்டாருக்குத் தெரியாததல்ல. சுமங்கலித் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். தென்மாவட்டங்களிலிருந்தும் நம் வறண்ட கிராமங்களிலிருந்தும் பெண்பிள்ளைகளை நூற்பாலைகளுக்கு அழைத்துவந்து, விடுதியில் அடைத்துவைத்து, மூன்று ஆண்டு முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று சொன்னார்கள். இடையில் நின்றால் அந்தத் தொகை இல்லை. வரதட்சணையை மனத்தில் வைத்தே பெற்றோர் பிள்ளைகளை அனுப்பினார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் 2011இல் இதைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டு, இந்த நூலில் தைத்த துணியை வாங்கும் ஐரோப்பியக் கம்பெனிகளைக் கேள்வி கேட்டபோது, அவிநாசி சாலையில் நான் கேட்ட பேச்சு என்ன தெரியுமா? நம் பிழைப்பைக் கெடுக்க வந்த சதி என்பார்கள். வெள்ளைக்காரனுக்கு நம்மூர்க் கஷ்டம் என்ன தெரியும் என்பார்கள். வயசுப் பிள்ளைகள் நாலு காசு சம்பாதித்துக் கௌரவமாகக் கல்யாணம் செய்துகொள்வது தப்பா என்பார்கள். இன்று உங்கள் நண்பர் சொல்வதன் இன்னொரு வடிவம் அது.

அந்த அறிக்கை சொன்னது புதிதாகக் கண்டுபிடித்த ஒன்றல்ல. நம்மூர்த் தொழிற்சங்கத்தாரும் பெண்கள் அமைப்பினரும் பல காலமாகச் சொல்லிக்கொண்டிருந்ததுதான். அவர்கள் சொன்னபோது மில் கேட் திறக்கவில்லை. ஆர்டர் கொடுக்கும் பையர் கேட்டபோது திறந்தது. வெளியாரின் தலையீடு பலித்தது அந்த மட்டில். பலிக்காத இடத்தையும் பார்த்தவர் நீங்கள். ஆடிட் வரும் நாளில் சின்னப் பெண்களுக்கு லீவு கொடுத்து அனுப்பியதையும், வயதுச் சான்று கேட்டால் பல் டாக்டர் எழுதிக்கொடுத்த தாளை நீட்டியதையும், கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பதிலை முந்தின நாளே பாடம் சொல்லிக்கொடுத்ததையும் திருப்பூரில் வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேலேயிருந்து ஒரு தாளைக் கேட்டால் கீழேயிருந்து ஒரு தாள் வரும், அவ்வளவுதான். மாற்றம் நிலைத்தது எங்கேயென்றால், அந்தப் பெண்களோடு தினமும் பேசக்கூடிய உள்ளூர் ஆள் ஒருவர் இருந்த இடத்தில். இதை மனத்தில் வைத்துக்கொண்டு காசிப்பூருக்கு வருவோம்.

வருவதற்குள் ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். மாவட்டச் சமூகநல அலுவலர்தான் நம் சட்டப்படி குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். சட்ட உதவிக்காக அவரோடு சில இடங்களுக்கு நான் போனதுண்டு. அந்தியூருக்கு அப்பால் மலையடிவாரத்து ஊர் ஒன்றில், முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை போய்ச் சேர்ந்தோம். பந்தலில் வாழைமரம் கட்டியாயிற்று, மைக் செட் பாடிக்கொண்டிருந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதாமல் நிறுத்தப்பட்ட பெண், மருதாணி காயாத கைகளை இரண்டு பக்கமும் விரித்துவைத்துக்கொண்டு, எதையும் தொட முடியாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். தகப்பன் மஞ்சள் பையிலிருந்து பிறப்புச் சான்றை எடுத்துக் கொடுத்தார், மறைக்கக்கூட முயலவில்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஏனுங்கம்மா, நீங்க இன்னிக்கு நிறுத்திப்போட்டுப் போயிருவீங்க. நாங்க ரெண்டு பேரும் கரும்பு வெட்டுக்குக் கர்நாடகம் போனா வர ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் இவளை யாருங்க பாத்துக்குவாங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு போகிற தலையீடுதான் நிற்கிறது. அந்தப் பெண்ணுக்கு அவள் பள்ளித் தலைமையாசிரியை அரசு மாணவியர் விடுதியில் இடம் வாங்கிக்கொடுத்தார், படிப்பு தொடர்ந்தது. அதே வட்டாரத்தில் வேறொரு கல்யாணத்தைப் பிள்ளைகள் உதவி எண்ணுக்கு வந்த அழைப்பின் பேரில் நிறுத்தி, பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டு எல்லோரும் கலைந்துபோனோம். பத்திரிகை அடிக்காமல், பந்தல் போடாமல், சில மாதத்தில் ஒரு கோயிலில் வைத்து அது முடிந்துவிட்டது. வீட்டில் பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பயம், வயது ஏற ஏற வரதட்சணை ஏறும் என்ற கணக்கு, யாரையாவது கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்ற ஊர்ப்பேச்சு, இந்த மூன்றும் அங்கே அப்படியே இருந்தன.

உங்கள் சூப்பர்வைசரின் வீட்டிலும் இவைதாம் இருக்கும் என்று எண்ணுகிறேன். வங்காளதேசத்திலும் இளைய பெண்ணுக்கு வரதட்சணை குறைவு. சட்டம் தடுத்தும் அந்தக் கணக்கு மாறவில்லை. தாய், தகப்பன் இருவரும் உங்கள் லைனில் நிற்கிறார்கள். அடுத்த வாரம் கண்டெய்னர் போக வேண்டுமென்றால் இரவு பத்து மணிவரை ஓவர்டைம் போடுகிறவர் நீங்கள். அந்த நேரத்தில் வாடகை அறையில் அந்தப் பெண்ணோடு யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்களா? மலேசிய மாப்பிள்ளையைத் தகப்பன் தேடிப்பிடித்தது பேராசையால் என்பதைவிட, இந்தப் பத்து மணிக்குப் பயந்து என்பதுதான் எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. தாயை இரவு ஓவர்டைமிலிருந்து எடுத்து, அதனால் குறையும் பணத்தை வேறு வகையில், உற்பத்தி ஊக்கத்தொகையிலோ பகல்நேரப் பொறுப்பிலோ ஈடுகட்ட முடியுமா என்று பாருங்கள். வெளிநாட்டான், இந்தியன், இந்து என்று எந்தக் கேள்வியும் எழாமல் நீங்கள் செய்யக்கூடிய தலையீடு இது. எந்த அரசாங்கத்தாலும் எந்தத் தொண்டு நிறுவனத்தாலும் செய்ய முடியாதது, உங்களால் ஒரு ரோஸ்டரைத் திருத்திச் செய்ய முடியும். இதை முதலில் செய்யுங்கள், பேச்சு பிறகு.

பேச்சை உங்கள் கேபினில் வைத்துக்கொள்ள வேண்டாம். மேலாளர் அறைக்குக் கூப்பிட்டு வைத்துச் சொன்னால் அறிவுரையும் மிரட்டலாகத்தான் கேட்கும். வேலையைப் பற்றி ஒரு சொல்லும் வரக்கூடாது. வேலை போய்விடும் என்ற பயத்தில் கல்யாணத்தை ஒத்திவைக்கும் தகப்பன், அதே பயத்தில் மகளை இரவோடு இரவாகச் சொந்த ஊருக்கு அனுப்பி அங்கே முடித்துவிடுவார். ஆலையில் நலவாழ்வு அலுவலராக இருக்கும் வங்காளிப் பெண்மணி எவரையாவது, அல்லது வயதில் மூத்த, எல்லோரும் மதிக்கும் பெண் ஊழியர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். பெண்ணிடம் நீங்கள் நேரில் பேசக் கூடாது; வேற்று நாட்டு ஆண், அதிலும் தகப்பனின் மேலதிகாரி, தனக்காகப் பேச வந்தார் என்பதே அவளுக்குப் பழியாக முடியும். அவள் மனத்தில் என்ன இருக்கிறது என்று அந்தப் பெண்மணியோ, பள்ளியில் அவள் வகுப்பாசிரியரோ கேட்டு அறியட்டும். அவள் சம்மதம் என்று சொன்னாலும் சட்டம் மாறாது. ஆனால் வேண்டாம் என்று சொல்கிறாள் என்றால் அவசரம் கூடிவிடுகிறது.

அட்வான்ஸை வெறுமனே மறுக்காதீர்கள். நீங்கள் மறுத்தால் அவர் வட்டிக்கு வாங்குவார். கடன் வாங்கி முடித்த கல்யாணத்தை எவராலும் ஒத்திவைக்க முடியாது. இந்தக் கல்யாணத்துக்கு என்னால் கொடுக்க முடியாது, பெண்ணுக்கு 18 முடிந்து நடக்கிற கல்யாணத்துக்கு இதைப்போல் இரண்டு மடங்கு கொடுக்கிறேன், அதுவரை அவள் பள்ளிச் செலவு என் பொறுப்பு என்று சொல்லுங்கள்; முடிந்தால் எழுதியே கொடுங்கள். இது என் யோசனையல்ல. 1989இல் நம் அரசு தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் இந்தத் தந்திரத்தில்தான் நின்றது: பெண்ணுக்கு 18 முடிந்திருக்க வேண்டும், குறிப்பிட்ட வகுப்புவரை படித்திருக்க வேண்டும், அப்போதுதான் பணம். பின்னால் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. நம்மூரில் எத்தனை தகப்பன்மார் அந்தத் தங்கத்துக்காகப் பத்தாம் வகுப்புவரை பொறுத்தார்கள் என்பதை அலுவலக வாசலில் நின்ற வரிசையில் நானே பார்த்திருக்கிறேன். வங்காளதேசத்தின் தென்பகுதியிலும், மணமாகாத பதின்வயதுப் பெண்கள் இருக்கும் வீட்டுக்கு 18 வயதுவரை சமையல் எண்ணெய் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தைத் திருமணம் கண்கூடாகக் குறைந்தது. எத்தியோப்பியாவின் அம்ஹாரா பகுதியில் கொடுத்தது ஓர் ஆடு. பெரிய தொகையல்ல, ஆனால் இன்னும் ஓராண்டு பொறுக்கிறேன் என்று ஊராரிடம் சொல்லிக்கொள்ளத் தகப்பனுக்கு அது ஒரு காரணமாகிறது. நடத்தவே கூடாது என்பதற்கு மசியாத பெற்றோர், பரீட்சை முடியட்டும் என்பதற்கு மசிவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அங்கே பத்தாம் வகுப்பு முடிவில் எஸ்.எஸ்.சி. தேர்வு இருக்கிறது. முதல் தவணையாக அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தொழிலைப் பற்றியும் ஒன்று. தையல் ஆலைகளுக்கு எட்டும் தூரத்தில் வளர்ந்த வங்காளதேசத்துப் பெண்பிள்ளைகளுக்குத் திருமணமும் முதல் பிள்ளைப்பேறும் தள்ளிப்போயிருக்கின்றன, படிப்பு கூடியிருக்கிறது என்று அங்கே நடந்த கள ஆய்வு காட்டியிருக்கிறது. எழுதப் படிக்கவும் எண்ணவும் தெரிந்த பெண்ணுக்கு வேலை இருக்கிறது என்று தெரிந்தால், பெற்றோர் கணக்கு மாறுகிறது. சூப்பர்வைசரிடம் பேசும்போது இதை வைத்துக்கொள்ளலாம்; எஸ்.எஸ்.சி. முடித்த பெண்ணுக்கு அதே ஆலையில் தரக்கட்டுப்பாட்டிலோ அலுவலகத்திலோ 18 வயதுக்குப் பிறகு இடம் உண்டு என்று உங்களால் மனசாட்சிப்படி சொல்ல முடியுமானால் மட்டும்.

இனி உங்கள் மனைவிக்கு. அவர் கேட்கும் முடிவு சரி, வரிசைதான் எனக்கு உடன்பாடில்லை. பேசிப் பார்த்து, ஆள் வைத்துச் சொல்லிப் பார்த்து, தேதியும் குறித்துவிட்டார்கள் என்றால், அப்போது புகார் செய்யத் தயங்கவே கூடாது. நல்ல மனிதர் என்ற தாட்சண்யமும் கூடாது. காரணம் சொல்கிறேன். கல்யாணம் நடந்து முடிந்துவிட்டால், அங்கே அது தண்டனைக்குரியதாக இருந்தாலும் செல்லுபடியாகும் கல்யாணமே. பெற்றோருக்கு ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறை அல்லது அபராதம், மாப்பிள்ளைக்கு இரண்டாண்டு வரை, நடத்திவைத்த காஜிக்கு உரிமமே போகும்; அத்தனை பேரும் தண்டிக்கப்பட்டும் அந்தப் பெண் மனைவியாகவே இருப்பாள். நடப்பதற்கு முன்பே அதிகாரிகள் வந்துவிட்டால், 18 முடியும்வரை செய்ய மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு பெற்றோரை விட்டுவிடுவதுதான் அங்கே பெரும்பாலும் நடக்கிறது. ஆகவே முன்கூட்டிப் போகும் ஓர் அழைப்பு மகளைப் போலவே தகப்பனையும் காக்கிறது. இதைக் காட்டிக்கொடுப்பது என்று நீங்கள் நினைக்க வேண்டாம்.

அழைக்கும் ஆள் நீங்களாக இருக்க வேண்டியதில்லை, இருக்காமலிருப்பதே நல்லது. பிள்ளைகளுக்கான உதவி எண் நம் நாட்டைப் போலவே அங்கும் 1098, பெண்கள், குழந்தைகள் மீதான வன்முறைக்கு 109, அவசரத்துக்கு 999. கல்யாணத்தை நேரில் வந்து நிறுத்தும் அதிகாரம், நம்மூர் வட்டம் போன்ற உபஜில்லாவின் நிர்வாக அலுவலரிடம் இருக்கிறது. பள்ளித் தலைமையாசிரியர் சொன்னால் அந்த அலுவலகம் உடனே அசையும். பள்ளிப் பதிவேட்டில் உள்ள பிறந்த தேதியும் அவர் கையில்தான் இருக்கிறது. கல்யாணத்துக்கென்று வயது கூட்டிய பிறப்புச் சான்று ஒன்று புதிதாக முளைக்கும் என்பதால், பள்ளிப் பதிவேடு பத்திரமாக இருப்பது முக்கியம். நடத்திவைக்கப்போகும் காஜி யார் என்று தெரிந்தால், பெண்ணின் உண்மையான வயதை உள்ளூர்க்காரர் ஒருவர் அவர் காதில் போட்டுவைக்கலாம். உரிமத்துக்குப் பயந்து அவரே கழன்றுகொள்ளவும் கூடும்.

உங்கள் நிலை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆலையின் பெயரிலோ, ஆலையின் தொலைபேசியிலிருந்தோ எதையும் செய்யாதீர்கள். அந்தக் கல்யாணத்துக்குப் போகாதீர்கள், மொய்யும் அனுப்பாதீர்கள். நம் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் குழந்தைத் திருமணத்தில் கலந்துகொள்வதே குற்றத்துக்குள் வரும்; அந்தச் சட்டம் நாட்டுக்கு வெளியே இருக்கும் இந்தியக் குடிமக்களையும் கட்டுப்படுத்தும் என்று அதன் முதல் பிரிவே சொல்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் தம் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற புதுச்சேரியின் ரெனோன்சான் குடும்பங்களுக்கு மட்டும் விலக்கு. அது பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன தனிக்கதை. வங்காளதேசத்தார் தம் நாட்டில் செய்யும் திருமணத்தை நம் சட்டம் தொடாது. ஆனால் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் நம்மவர் யாராவது, அங்கே வைத்து முடித்தால் யாருக்குத் தெரியும் என்று மகளுக்கு வயதாகும் முன்பே மாலை மாற்றினால், இந்தியப் பாஸ்போர்ட் இருக்கும்வரை சட்டமும் கூடவே போகிறது. உங்கள் கரூர் நண்பரின் வட்டத்தில் அப்படி ஏதும் பேச்சு இருந்தால் இதையும் சொல்லிவையுங்கள்.

கடைசியாக நாள் கணக்கு. அங்கே அரசு அலுவலகங்களுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை, கல்யாணங்களோ பெரும்பாலும் வெள்ளிக்கிழமையில்தான் வைக்கிறார்கள். தேதி காதில் விழுந்ததும் பின்னோக்கி எண்ணி, புதன்கிழமைக்குள் தலைமையாசிரியரிடமும், வியாழன் மதியத்துக்குள் உபஜில்லா அலுவலகத்திலும் செய்தி சேர்ந்துவிடும்படி அந்தப் பெண்மணியிடம் இன்றே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வியாழன் மாலைக்கு மேல் ஆகிவிட்டால் அலுவலகத்துக்காகக் காத்திராமல் நேரே 999ஐ அழைக்கச் சொல்லுங்கள்.